ஆப்பிள் வாரம்: தொடக்க வகுப்புகளில் ஒரு கனியைக் கொண்டு கற்பித்தல்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்திலோ செப்டம்பர் முதல் வாரத்திலோ தொடங்குகிறது; வாஷிங்டன், நியூயார்க், மிச்சிகன், பென்சில்வேனியா முதலிய மாநிலங்களின் தோட்டங்களில் ஆப்பிள் அறுவடை மும்முரமாக நடப்பதும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். பள்ளி திறப்பும் அறுவடையும் ஒரே பருவத்தில் அமைவதால், கிண்டர்கார்டன் எனப்படும் மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை, அதாவது ஐந்து முதல் எட்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு, ஆப்பிளை மையமாகக் கொண்ட ஒரு வாரப் பாடத்தொகுதி நடத்தும் வழக்கம் அந்நாட்டில் பரவலாக வேரூன்றியுள்ளது. ஒரே பொருளைச் சுற்றி அறிவியல், கணிதம், மொழி, சமூகக் கல்வி ஆகியவற்றை இணைத்துக் கற்பிக்கும் இம்முறை கருப்பொருள்வழிக் கற்பித்தல் எனப்படும். ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியும், வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் வெளியிட்ட செயல்திட்ட முறை பற்றிய கட்டுரையும் இத்தகைய அணுகுமுறைக்கு வலுவான அடித்தளமிட்டவை.

இவ்வத்தியாயம் அந்த ஒரு வாரத்தை எவ்வாறு திட்டமிடுவது, எந்தச் செயல்பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது, ஒவ்வொன்றிலும் குழந்தை எதைக் கற்கிறது என்பவற்றை வரிசையாக விளக்குகிறது.

செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்

ஆப்பிள் வாரத்தில் எளிதில் நேரக்கூடிய பிழை, கனி அலங்காரப் பொருளாகிவிடுவது. சிவப்புத் தாளில் ஆப்பிள் வடிவம் வெட்டி ஒட்டுவதும், ஆப்பிள் படம் அச்சிட்ட தாளில் கூட்டல் கணக்குப் போடுவதும் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் அந்தப் படத்தை நீக்கிவிட்டு அங்கே ஒரு பந்தின் படத்தை வைத்தாலும் அதே கணக்கு அப்படியே நிற்கும் என்றால், ஆப்பிளைப் பற்றிய எதையும் குழந்தை அதிலிருந்து அறிந்துகொள்ளவில்லை என்றே பொருள். எனவே ஒவ்வொரு செயல்பாட்டையும் திட்டத்தில் சேர்க்குமுன், ‘ஆப்பிளை அகற்றிவிட்டால் இந்தச் செயல்பாடு சிதையுமா?’ என்று ஆசிரியர் கேட்டுப் பார்க்க வேண்டும். சிதையும் என்றால் அது கருப்பொருளோடு இணைந்தது. சிதையாது என்றால் அது வழக்கமான பயிற்சி, அதற்குரிய இடம் வேறு.

தேர்ந்தெடுத்த செயல்பாடு எதுவாயினும் அதை நான்கு படிகளில் நடத்துவது நல்லது. முதலில் குழந்தை என்ன நிகழும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அடுத்து உண்மையான கனியைக் கையாண்டு பார்க்க வேண்டும். பின்னர் பார்த்ததை வரைந்தோ எழுதியோ பதிய வேண்டும். இறுதியில் ஊகமும் பதிவும் எங்கே ஒத்தன, எங்கே வேறுபட்டன என்று வகுப்பில் பேச வேண்டும். ஊகத்தை முன்னரே எழுதி வைக்காத குழந்தை, விடை தெரிந்தபின் தான் அதையே நினைத்திருந்ததாக எளிதில் நம்பிவிடுகிறது. ஆகவே முதற்படியை நேரக்குறைவைக் காரணம் காட்டித் தவிர்க்கக் கூடாது.

முன்னேற்பாடு

நிறத்திலும் சுவையிலும் தெளிவாக வேறுபடும் மூன்று வகைகளை வாங்குவது போதுமானது. அடர்சிவப்பு நிறமும் மென்மையான இனிப்பும் கொண்ட ரெட் டெலிஷியஸ், மஞ்சள் நிற கோல்டன் டெலிஷியஸ், பச்சை நிறமும் கூர்மையான புளிப்பும் கொண்ட கிரானி ஸ்மித் ஆகியவை எல்லாக் கடைகளிலும் கிடைப்பவை. மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் வகையையும் சேர்த்துக்கொண்டால், மொறுமொறுப்பு என்ற பண்பைக் குழந்தைகள் ஒப்பிட்டு உணர முடியும்.

சுவைக்கும் செயல்பாட்டுக்கு முன்பே பெற்றோரிடம் ஒவ்வாமை பற்றி எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும். பர்ச் மரத்தின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உடைய சிலருக்குச் சமைக்காத ஆப்பிளைத் தின்றவுடன் வாயும் உதடும் அரிப்பது உண்டு. கத்தி ஆசிரியரிடம் மட்டுமே இருக்க வேண்டும். துண்டுகள் மெல்லியனவாக இருத்தல் நலம். கடினமான பெருந்துண்டு சிறு குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடும். ஆப்பிள் விதையில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. விதையைக் கடித்து நொறுக்கும்போது அதிலிருந்து சிறிதளவு சயனைடு வெளிப்படும். தவறுதலாக ஓரிரு விதைகளை விழுங்குவதால் தீங்கில்லை எனினும், எண்ணுவதற்குக் கொடுக்கும் விதைகளை வாயில் போடக்கூடாது என்பதை வகுப்பின் விதியாகவே சொல்லிவிட வேண்டும்.

அறிவியல்: கனியின் உள்ளே

வாரத்தின் முதற்செயல்பாடு, வெட்டாத ஆப்பிளை வரைவது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆப்பிளைக் கொடுத்து, அதன் வெளிப்புறத்தையும், வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று அவர்கள் எண்ணுவதையும் இரு படங்களாக வரையச் செய்யலாம். வெளிப்புறத்தில் காம்புக்கு எதிர்முனையில் உள்ள சிறு குழியையும் அதில் ஒட்டியிருக்கும் உலர்ந்த நுனிகளையும் ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும். அவை பூவின் புறவட்டத்தில் இருந்த பச்சை இதழ்களின், அதாவது புல்லிகளின், எச்சம். இந்தக் கனி ஒருகாலத்தில் பூவாக இருந்தது என்பதற்கு அதன்மேலேயே எஞ்சியிருக்கும் சான்று.

பின்னர் ஓர் ஆப்பிளைக் காம்பிலிருந்து கீழ்நோக்கி நெடுக்காகவும், மற்றொன்றை நடுவில் குறுக்காகவும் வெட்ட வேண்டும். குறுக்கு வெட்டில் ஐந்து முனைகள் கொண்ட விண்மீன் வடிவம் தோன்றும். பல வகுப்புகளில் இந்த வியப்போடு செயல்பாடு முடிந்துவிடுகிறது. உண்மையில் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஆப்பிள் பூவுக்கு ஐந்து இதழ்கள்; அதன் நடுவிலுள்ள சூற்பையும் ஐந்து அறைகள் கொண்டது; அந்த ஐந்து அறைகளே கனியில் விண்மீனின் ஐந்து முனைகளாகத் தெரிகின்றன. ஆப்பிள் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேரி, பாதாம், ஸ்ட்ராபெரி ஆகியவையும் அக்குடும்பத்தினவே, அவற்றின் பூக்களிலும் பொதுவாக ஐந்து இதழ்களைக் காணலாம். நாம் உண்ணும் சதைப்பகுதி சூற்பையைச் சூழ்ந்துள்ள பூத்தளப் பகுதி பருத்து உருவானது. அதனால் தாவரவியலார் ஆப்பிளைப் பொய்க்கனி என்கின்றனர். இச்சொல்லைக் குழந்தைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விதையைச் சூழ்ந்த நடுப்பகுதியும் சதைப்பகுதியும் பூவின் வேறுவேறு பகுதிகளிலிருந்து வந்தவை என்பதை ஆசிரியர் அறிந்திருப்பது அவசியம்.

அடுத்தது விதை எண்ணுதல். பெரும்பாலான வகைகளில் ஒவ்வோர் அறையிலும் இரண்டு விதைகள் உருவாக இடமுண்டு என்பதால், ஓர் ஆப்பிளில் பொதுவாகப் பத்து விதைகள் வரை இருக்கலாம். ஆனால் குழுக்கள் எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஐந்து, மற்றொன்றில் எட்டு, வேறொன்றில் பத்து என எண்ணிக்கை மாறும். ஏன் மாறுகிறது என்ற கேள்வியைக் குழந்தைகளே எழுப்பும்வரை ஆசிரியர் காத்திருப்பது நல்லது. மகரந்தத்தூள் பூவின் சூலகமுடியைச் சென்றடைவது மகரந்தச் சேர்க்கை எனப்படும். பெரும்பாலான ஆப்பிள் வகைகள் தம் சொந்த மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை, வேறு வகை மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவர வேண்டியுள்ளது. தேனீக்கள் போதிய மகரந்தத்தைச் சேர்க்காத பூவில் சில சூல்கள் விதையாவதில்லை. அதனால் சில அறைகளில் விதை குறைகிறது, சில வேளைகளில் விதையற்ற பக்கம் சரியாகப் பருக்காமல் கனியே ஒருபுறம் கோணலாகிவிடுகிறது. ஆக, கையிலுள்ள விதைகளின் எண்ணிக்கை, வசந்தகாலத்தில் அந்தப் பூவுக்கு வந்த தேனீக்களைப் பற்றிய ஒரு தகவலாக மாறுகிறது. 2013-இல் வெளியான அமெரிக்க அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள், விதைபரவலிலும் மகரந்தச் சேர்க்கையிலும் விலங்குகளின் பங்கை எளிய மாதிரியாகச் செய்து காட்டுவதை இரண்டாம் வகுப்புக்கு உரியதாக வைத்துள்ளன. பஞ்சு உருண்டையைத் தேனீயாகவும் வண்ணப்பொடியை மகரந்தமாகவும் கொண்டு ஒரு காகிதப் பூவிலிருந்து மற்றொன்றுக்குப் பொடியை எடுத்துச் செல்லும் விளையாட்டை, விதை எண்ணிய பிறகு நடத்தினால் அதற்கு முழுப்பொருள் கிடைக்கிறது.

மிதத்தல் சோதனை எளியது, எனினும் ஊகிக்கும் பழக்கத்தை வளர்க்க மிகவும் ஏற்றது. கனமாகத் தோன்றும் பெரிய ஆப்பிள் மூழ்கும் என்றே பல குழந்தைகள் சொல்வர். வாளி நீரில் விட்டால் அது மிதக்கும். ஆப்பிளின் கனஅளவில் ஏறத்தாழ கால்பங்கு, அதன் சதைக்குள் நுண்ணிய இடைவெளிகளில் நிறைந்துள்ள காற்று என்பதே காரணம். பிறகு ஓர் உருளைக்கிழங்கை நீரில் விட்டு அது மூழ்குவதைக் காட்டினால், மிதப்பது அளவைப் பொறுத்ததன்று என்பது ஒப்பீட்டால் தெளிவாகும்.

நிறமாற்றச் சோதனையில் குழந்தைகள் நேர்மையான ஒப்பீடு என்றால் என்ன என்பதைக் கற்கின்றனர். ஒரே ஆப்பிளிலிருந்து ஒரே அளவில் வெட்டிய நான்கு துண்டுகளில் ஒன்றை அப்படியே வைத்து, மற்றவற்றை முறையே தண்ணீரிலும் உப்புநீரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் நனைத்துத் தட்டில் வைத்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நிறத்தை வண்ணப் பென்சிலால் பதியச் செய்ய வேண்டும். துண்டு வெட்டப்படும்போது உயிரணுக்கள் உடைந்து, அவற்றில் தனித்தனியே இருந்த பாலிபீனால் என்ற பொருளும் அதன்மேல் வினைபுரியும் நொதியும் ஒன்றுசேர்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும்போது பழுப்பு நிறம் உண்டாகிறது. உயிரினங்களின் உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருளே நொதி. எலுமிச்சையின் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் சி-யும் இந்த வினையைத் தாமதப்படுத்துகின்றன. நான்கு துண்டுகளும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் வெட்டப்பட்டவையாக இருக்க வேண்டியதன் காரணத்தைக் குழந்தைகளின் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் இச்செயல்பாட்டின் முதன்மை நோக்கம். நொதியின் பெயர் இரண்டாவதே.

ஓராண்டு முழுதும் நீளக்கூடிய செயல்பாடு ஒன்றும் இங்கே தொடங்கலாம். ஆப்பிள் விதைகள் ஈரக் குளிரில் இரண்டு முதல் மூன்று மாதம் கிடந்தால்தான் நன்கு முளைக்கும். எண்ணி முடித்த விதைகளை ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குளிர்கால விடுமுறைக்குப் பின் மண்ணில் ஊன்றினால், அவற்றில் சில முளைப்பதைக் குழந்தைகள் காண்பர். அந்தக் கன்றுகள் தாய்மரத்தின் கனியையே தருவதில்லை என்பதையும், விரும்பிய வகையைப் பெற அதன் கிளைத்துண்டை வேறொரு வேரடிச் செடியில் இணைக்கும் ஒட்டுக்கட்டுதல் தேவை என்பதையும் அப்போது விளக்கலாம்.

கணிதம்: விதையிலிருந்து வரைபடம் வரை

ஓர் ஆப்பிளில் பொதுவாகப் பத்து விதைகள் வரை இருக்கும் என்பது எண்ணறிவுக்கு ஒரு நல்வாய்ப்பு. வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைக் கட்டங்கள் கொண்ட பத்துக்கட்டச் சட்டத்தில் விதைகளை ஒவ்வொன்றாக வைக்கும்போது, எட்டு விதைகள் கிடைத்த குழு இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதைக் காண்கிறது. எட்டும் இரண்டும் பத்து என்பது இங்கே மனப்பாடமாக வராமல், வளராத இரு விதைகளின் இடமாகக் கண்முன் நிற்கிறது.

சுவைத்தபின் ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த வகையைத் தேர்ந்தெடுத்து, அதன் நிறத்திலுள்ள சதுரத் தாளைச் சுவர்ப்பலகையில் ஒட்டினால் பட்டை வரைபடம் உருவாகும். எது அதிகம் என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் குழந்தை பட்டைகளின் உயரத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடும். எடுத்துக்காட்டாக 20 பேரில் 9 பேர் சிவப்பையும் 6 பேர் பச்சையையும் 5 பேர் மஞ்சளையும் தேர்ந்தெடுத்தால், பச்சையைவிடச் சிவப்பு எத்தனை அதிகம், பச்சையும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பைவிட அதிகமா, இன்று வராத இரு குழந்தைகள் நாளை வந்து தேர்ந்தெடுத்தால் முடிவு மாறுமா என்பன போன்ற கேள்விகளே சிந்தனையைத் தூண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும், 2010-இல் வெளியான பொதுமையத் தரநிலைகள், மூன்று பிரிவுகள் வரையிலான தரவை ஒழுங்குபடுத்தி, ஒன்றில் மற்றொன்றைவிட எத்தனை கூடுதல் என்று சொல்வதை முதல் வகுப்புக்கு வைத்துள்ளன.

அளவிடுதலுக்கு, ஆப்பிளின் சுற்றளவு எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் கண்மதிப்பாலேயே ஒரு நூலை வெட்டச் சொல்லி, பிறகு அதைக் கனியைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கச் செய்யலாம். மிக நீளமாக வெட்டுவோரே அதிகம் இருப்பர். இரண்டாம் கனிக்கு அவர்களின் ஊகம் திருந்துவதை ஆசிரியர் குறித்துக்கொள்ள வேண்டும். சரியான நூலை ஒரே அளவுள்ள கட்டைகளின் பக்கத்தில் வைத்து, இடைவெளியும் மேற்படிவும் இல்லாமல் எண்ணுவது முதல் வகுப்பின் நீள அளவீட்டுப் பாடம். பாதி, கால் ஆகிய சொற்களைக் கனியை வெட்டிப் பங்கிடும்போதே கற்பிக்கலாம். ஆப்பிள் சீரான உருண்டையாக இல்லாததால் பங்குகள் சமமா என்ற வாதம் எழும், அந்த வாதத்தைத் தராசில் வைத்துத் தீர்க்கலாம். அதே தராசில் மெல்லிய துண்டுகளை 100 கிராம் அளவுக்கு நிறுத்து, நன்கு உலர்த்தி மறுபடி நிறுத்தால், ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர் என்பதை எடைக்குறைவு காட்டிவிடும்.

மொழியும் வரலாறும்

சுவைக்கும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லை மட்டும் அன்று தடைசெய்துவிட்டால், புளிப்பு, துவர்ப்பு, சாறு நிறைந்தது, மாவுபோன்றது, மொறுமொறுப்பு ஆகிய சொற்கள் தேவையினால் பிறக்கும். நிறமாற்றச் சோதனையையோ ஆப்பிள் கூழ் சமைப்பதையோ செய்து முடித்தபின், அதைச் செய்யாத மற்றொரு வகுப்புக்குப் புரியும்படி முதலில், அடுத்து, பிறகு, இறுதியில் என வரிசைப்படுத்தி எழுதச் செய்வது செய்முறை எழுத்துக்குச் சிறந்த பயிற்சி; எழுதியதை வேறொருவர் படித்து அப்படியே செய்து பார்க்கும்போது விடுபட்ட படி தானே வெளிப்படும்.

வாசிப்புக்கு ஏற்ற நூல்கள் பல உள்ளன. டாக்டர் சியூஸ் என்று அறியப்பட்ட எழுத்தாளர் தியோ லெசீக் என்ற புனைபெயரில் 1961-இல் வெளியிட்ட ‘டென் ஆப்பிள்ஸ் அப் ஆன் டாப்!’ ஒன்று முதல் பத்து வரை எண்ணும் பருவத்தினருக்கு உகந்தது. கெய்ல் கிப்பன்ஸ் 1984-இல் வெளியிட்ட ‘தி சீசன்ஸ் ஆஃப் ஆர்னால்ட்ஸ் ஆப்பிள் ட்ரீ’ ஒரே மரத்தை நான்கு பருவங்களிலும் பார்ப்பதால், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கி, வசந்தத்தில் பூத்து, கோடையில் காயாகி, இலையுதிர் காலத்தில் கனியும் மரத்தின் ஆண்டுச் சுழற்சியைக் கற்பிக்கப் பயன்படும்.

ஜானி ஆப்பிள்சீட் பற்றிய கதை இவ்வாரத்தில் தவறாமல் இடம்பெறுவது; செப்டம்பர் 26 அவர் பிறந்தநாளாகப் பல பள்ளிகளில் கொண்டாடப்படுகிறது. அவரது இயற்பெயர் ஜான் சாப்மன். 1774-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டர் ஊரில் பிறந்து, 1845-இல் இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் அருகே இறந்தவர். தலையில் தகரப் பாத்திரம் கவிழ்த்து, வழியெல்லாம் விதைகளைத் தூவிச் சென்றவராகக் கதைகள் சித்திரிக்கின்றன. வரலாற்று மனிதரோ பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா பகுதிகளில் வேலியிட்ட நாற்றங்கால்களைத் திட்டமிட்டு அமைத்து, குடியேறுவோருக்குக் கன்றுகளை விற்றவர். விதையிலிருந்து வளர்ந்த அம்மரங்களின் புளிப்புக் கனிகள் பெரும்பாலும் சைடர் எனப்படும் ஆப்பிள் பானத்துக்கே பயன்பட்டன. கதையையும் வரலாற்றையும் இரு பத்திகளில் எழுதி ஒப்பிடச் செய்தால், சான்று உள்ள செய்தி எது, காலப்போக்கில் சேர்ந்தது எது என்று பிரித்தறியும் பழக்கம் சிறுவயதிலேயே தொடங்குகிறது. விதை தாய்மரத்தின் கனியைத் தராது என்று அறிவியல் பாடத்தில் கண்டது, சாப்மனின் மரங்கள் ஏன் புளிப்புக் கனிகளைத் தந்தன என்பதற்கு இங்கே விடையாகிறது.

ஐந்து நாள் வரிசை

முதல் நாள்: வெட்டாத கனியை வரைதல், உட்புறத்தை ஊகித்தல், மிதத்தல் சோதனை.
இரண்டாம் நாள்: இருவகை வெட்டு, விதை எண்ணுதல், பத்துக்கட்டச் சட்டம், தேனீ விளையாட்டு.
மூன்றாம் நாள்: சுவைத்தல், சொல் திரட்டல், பட்டை வரைபடம்.
நான்காம் நாள்: நிறமாற்றச் சோதனை, இடைவேளைகளில் நூல் அளவீடு, செய்முறை எழுத்து.
ஐந்தாம் நாள்: மரத்தின் ஆண்டுச் சுழற்சி, சாப்மன் கதையும் வரலாறும், கனியின் உட்புறத்தை மறுபடி வரைதல்.

தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல இயலும் வகுப்புகள் அதை மூன்றாம் நாளுக்குப் பின் வைப்பது பயனுள்ளது; கேள்விகளோடு போகும் குழந்தை, கனி பறிப்பதோடு நில்லாமல் தேனீப்பெட்டிகளையும் ஒட்டுக்கட்டிய தழும்புகளையும் தேடிப் பார்க்கும்.

தமிழ் வகுப்பறைகளில்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகள் செப்டம்பரில் தம் வாரநாள் வகுப்பில் இச்செயல்பாடுகளைச் செய்துவிட்டு வருவர். அங்கே கண்டதைத் தமிழில் சொல்ல வைப்பது, அறிமுகமான பொருளில் புதிய சொற்களைப் பழக்கும் வழியாக அமையும். தமிழ்நாட்டு வகுப்பறைகளின் நிலை வேறு. அங்கே கடைகளுக்கு வரும் ஆப்பிள் பெரும்பாலும் காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் ஆகியவற்றிலிருந்து வருவதால், பெரும்பாலான குழந்தைகள் கனியை அறிவரே தவிர அதன் பூவையும் மரத்தையும் கண்டிருப்பதில்லை. அங்கே சீத்தாப்பழம் இன்னும் பொருத்தமானது: ஒரே பூவின் பல சூலகங்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் அக்கனியில், பெரும்பாலான சுளைகளில் தலா ஒரு விதை இருப்பதால் எண்ணவும் ஒப்பிடவும் எளிது. நறுக்கிய வாழைக்காய் கறுக்காமலிருக்கத் தண்ணீரில் போடுவதையும், வாழைப்பூவை மோரில் போடுவதையும் குழந்தைகள் வீட்டில் பார்த்திருப்பர். நிறமாற்றச் சோதனையை அவற்றைக் கொண்டே நடத்தினால், அடுப்பங்கரையில் தலைமுறைகளாக நடந்துவரும் ஒரு செயலுக்கு அறிவியல் காரணம் உண்டு என்பதையும் அவர்கள் அறிவர்.

மதிப்பீடு

இவ்வாரத்தின் முடிவில் தேர்வுத்தாள் தேவையில்லை. ஐந்தாம் நாளில் கனியின் உட்புறத்தை நினைவிலிருந்து மறுபடி வரையச் சொல்லி, முதல் நாள் வரைந்த ஊகப்படத்தோடு சேர்த்துக் குழந்தையின் ஏட்டில் ஒட்டினாலே போதும். முதல் படத்தில் நடுவே சிதறிக் கிடந்த விதைகள் இரண்டாம் படத்தில் ஐந்து அறைகளுக்குள் வந்துவிட்டனவா, அடிமுனையில் புல்லிகளின் எச்சம் வரையப்பட்டுள்ளதா, விதை ஏன் குறைந்தது என்பதற்குக் குழந்தை தன் சொற்களில் காரணம் சொல்கிறதா என்ற மூன்றையும் ஆசிரியர் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் குழந்தை, கனியைப் பூவோடும் பூவைத் தேனீயோடும் இணைத்துப் பார்க்கக் கற்றிருக்கிறது; அந்த இணைப்பை உண்டாக்குவதே ஆப்பிள் வாரத்தின் நோக்கம். விடை வராத குழந்தைக்கு விளக்கத்தைத் திருப்பிச் சொல்வதைவிட, இன்னோர் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிக் கையில் கொடுத்து, விதைகளை மறுபடி எண்ணச் சொல்வதே சரியான அடுத்த படி.